பாதரசத்துக்குக் கெடு

பூனைகள் ஆடின. வாயில் நுரை தள்ள, சுற்றிச் சுற்றி ஆடின. சில கடலில் விழுந்து செத்தன.

ஜப்பானில், கியூஷு தீவில், மினமாட்டா என்று ஒரு கடலோர ஊர். 1950-களில் அங்கே நடந்தது இது. பூனைகளை அடுத்து மனிதர்களுக்கும் வந்தது. 1956 ஏப்ரலில் 5 வயதுச் சிறுமி ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். நடை தள்ளாடியது. பேச்சு குழறியது. இரண்டே நாளில் அவள் தங்கைக்கும் அதே நோய்!

அந்த ஆஸ்பத்திரி, ஊரிலிருந்த சிஸ்ஸோ ரசாயன ஆலைக்குச் சொந்தம். நோயும் அந்த ஆலை கொடுத்ததுதான்.

ஆலையில் அசிட்டால்டிஹைடு என்ற சரக்குத் தயாரானது. அசிட்டிலின் வாயுவை அப்படி மாற்றப் பாதரசம் வேண்டும். பால் தயிராக உறை மோர் விடுகிறோமே, அதுபோல. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் பளபளக்குமே, அதே பாதரசம்தான். ஆலைக்குள் அதில் ஒரு பகுதி கொடிய நஞ்சாக மாறி, கழிவு நீரோடு கடலுக்குப் போயிற்று. கடலில் மீனுக்குள் போயிற்று. மீனைத் தின்ற மனிதனின் மூளையைத் தாக்கியது. வயிற்றிலிருந்த சிசுவையும் விடவில்லை. தாய் நன்றாக இருப்பாள். பிள்ளை கை கால் வழங்காமல் பிறக்கும்.

1959-ல் ஆலை டாக்டர் ஹொசொகாவா, கழிவு நீரைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அதற்கும் அதே நோய்! நிர்வாகத்திடம் சொன்னார். 'சோதனையை நிறுத்து' என்றது நிர்வாகம். விஷயம் வெளியே வரவில்லை.

1968 மே மாதம்தான் அந்த ஆலையில் பாதரசம் நின்றது. மனம் இரங்கியா? இல்லை. எதிலீன் வாயுவிலிருந்து செய்யும் புதுமுறை வந்து, பழைய முறை கட்டுபடியாகாமல் போய்விட்டது. அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான், நோய்க்கு ஆலையே காரணம் என்று அரசாங்கம் அறிவித்தது! நோயாளிகள் என்று அரசு ஏற்றுக்கொண்டவர்கள் மட்டும் 2,200-க்கு மேல்.

2013-ல் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 2018-ல் இந்தியாவும் அதை ஏற்றது. அசிட்டால்டிஹைடு ஆலைகள் 2018-க்குள், காஸ்டிக் சோடா ஆலைகள் 2025-க்குள் பாதரசத்தை விட வேண்டும் என்று அதில் கெடு இருக்கிறது. நல்ல காரியம்.

ஆனால் பி.வி.சி. விஷயத்தில் கை நடுங்கிவிட்டது. வீட்டுத் தண்ணீர்க் குழாய் செய்யும் அதே பி.வி.சி.தான். அதன் மூலப்பொருளை நிலக்கரியிலிருந்து தயாரிக்கப் பாதரசம் சேர்க்கிறார்கள். சீனாவில் இந்த முறை அதிகம். இதற்கு வருஷம் குறிக்கவில்லை. மாற்று முறை கட்டுபடியாகும் என்று மாநாடு முடிவு செய்த பிறகு, 5 ஆண்டில் நிறுத்தலாம் என்று எழுதிவிட்டார்கள்.

கட்டுபடியாகும் வரை என்றால், சிஸ்ஸோ செய்ததும் அதுதானே? 2013-லேயே வருஷத்தைக் குறித்திருக்க வேண்டும். இனியும் சாக்குச் சொல்வது தகாது. மற்றப் பெரும்பாலான நாடுகளில் பாதரசமே இல்லாமல் பி.வி.சி. தயாராகிறது. நிலக்கரி முறைக்கும், பாதரசத்துக்குப் பதில் சிறிதளவு தங்கம் சேர்த்த மாற்றுப் பொருள் வந்துவிட்டது.

செலவுக் கணக்குப் பார்க்கிறவர்கள் மினமாட்டாவின் கணக்கையும் பார்க்கட்டும். வளைகுடாவில் படிந்த பாதரசச் சேற்றை அள்ளி மூடும் வேலை 1977-ல் தொடங்கி 1990-ல்தான் முடிந்தது. செலவு 4,850 கோடி யென்.