யந்திரத்தைப் படிக்கும் நேரம் யாருடைய நேரம்?

சேவூர் கடைவீதியில் சென்ற வாரம் ஒரு பேச்சு நடந்தது. இரவு ஷிப்ட் முடிந்து டீ குடிக்க வந்த ஒரு மில் தோழர், வானத்தில் போய்க்கொண்டிருந்த விமானத்தைக் காட்டி, "ஏனுங்க தோழர், அதையெல்லாம் இப்போ கம்ப்யூட்டரே ஓட்டிக்குதாமே! அப்புறம் விமானிக்கு அத்தனை சம்பளம் எதுக்குங்க?" என்று கேட்டார். கடலைக்காட்டில் களையெடுக்கப் போக நின்றிருந்த ஓர் அம்மா, "அப்படின்னா களையெடுக்க எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் சிரித்துவிட்டுப் போகிற கேள்வியல்ல இது. அந்தத் தோழரின் மில்லிலேயே புதிதாக ஆட்டோகோனர் வந்திருக்கிறது. "பட்டனைத் தட்டினால் போதும், இதற்கென்ன படிப்பு?" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே விமானியின் கதை நம்முடைய கதையும்தான்.

விமானத்தில் உள்ள அந்த யந்திரத்தின் பெயர் பிளைட் மேனேஜ்மென்ட் கம்ப்யூட்டர். இரு விமானிகளுக்கும் நடுவே, ஆளுக்கொன்றாக, சிறிய திரையும் எழுத்துப் பொத்தான்களும் இருக்கும். புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் குறியெழுத்தில் அடிக்க வேண்டும். கோவைக்கு வி.ஓ.சி.பி., சென்னைக்கு வி.ஓ.எம்.எம். பிறகு போகும் வழி, எடை, எரிபொருள், பறக்கும் உயரம் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். அடித்தது முதலில் திரையின் அடிவரியில் நிற்கும். சரிபார்த்துப் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால்தான் உரிய இடத்தில் ஏறும்.

இதைக் கொஞ்ச நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் பொத்தானைக் கற்பது வேறு, யந்திரத்தைக் கற்பது வேறு. இந்த நிமிஷம் அது என்ன செய்கிறது, அடுத்து என்ன செய்யப் போகிறது, எப்போது அதன் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே உண்மையான படிப்பு.

1995 டிசம்பர் 20ந் தேதி, தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் காலி நகரில் இறங்க வந்த ஓர் அமெரிக்க விமானத்தின் கதியைப் பாருங்கள். கடைசி நேரத்தில் வேறு ஓடுபாதை கிடைத்தது, விமானிகள் அவசரப்பட்டார்கள். 'ரோசோ' என்ற வழிகாட்டி நிலையத்துக்குப் போக வேண்டும். வரைபடத்தில் அதன் குறி 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து. அதையே அடித்தார்கள். கம்ப்யூட்டரோ அதே எழுத்துள்ள 'ரோமியோ' என்ற வேறொரு நிலையத்தைப் பட்டியலின் தலையில் காட்டியது. சரிபாராமல் அதை ஏற்றுக்கொண்டார்கள். விமானம் இரவிலே கிழக்கே திரும்பியது. தவறு தெரிந்து மீண்டும் திருப்பியபோது எதிரே மலை நின்றது. 159 உயிர்கள் போயின. ரோசோவைக் கம்ப்யூட்டர் அதன் முழுப் பெயரில்தான் வைத்திருந்தது!

நமக்கு அருகில் நடந்ததும் உண்டு. 1990 பிப்ரவரி 14ந் தேதி பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ-320, ஓடுபாதைக்கு முன்பே கோல்ப் மைதானத்தில் விழுந்தது. இருந்த 146 பேரில் 92 பேர் மாண்டனர். அந்த ரகம் நம் நாட்டுக்கு வந்து ஓராண்டுகூட நிறையவில்லை. அன்று ஓட்டிய விமானி, தலைமை விமானியாவதற்கான பழகு பயணத்தில் இருந்தவர். பக்கத்தில் அவரைச் சோதிக்கும் மூத்த விமானி. இறங்கும்போது கம்ப்யூட்டர் என்ஜின்களைக் குறைந்த விசையிலேயே வைக்கும் முறையில் இருந்தது. வேகம் குறைந்துகொண்டே போனது. அதை உணர்ந்து முழு விசை கொடுத்தபோது என்ஜின் எழும்ப நேரமில்லை.

விமானிகளின் தவறு என்று விசாரணை முடிவு செய்தது. இருக்கட்டும். ஆனால் அனுபவமுள்ள இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்திருந்தும், யந்திரம் செய்துகொண்டிருந்தது ஏன் உரிய நேரத்தில் மனதில் தைக்கவில்லை? இந்தக் கேள்வியை இறந்தவர் தலையில் பழியைப் போட்டுத் தீர்த்துவிட முடியுமா?

படிப்பைக் குறைப்பவர் யார் என்பதைப் போயிங் கம்பெனி உலகத்துக்கே காட்டிவிட்டது. 737 மாக்ஸ் என்ற விமானத்தில், தானாகவே மூக்கைக் கீழே தள்ளும் ஓர் ஏற்பாட்டை வைத்தது. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிச் சொல்லவில்லை. பழைய 737 ஓட்டியவர்கள் சிமுலேட்டர் எனப்படும் பாவனை விமானத்தில் பழக வேண்டியதில்லை, கையடக்கத் திரையில் ஒரு சிறு பாடம் போதும் என்றது. ஏனெனில் பயிற்சி என்றால் செலவு; செலவு என்றால் விற்பனை குறையும். சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாக ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருந்தது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர் மாண்டனர். 346 பேர் போன பிறகுதான், 2020 ஜனவரியில், சிமுலேட்டர் பயிற்சி வேண்டும் என்று அதே கம்பெனி சொல்லிற்று!

இன்னொரு விஷயம். அந்தக் கம்ப்யூட்டரில் 'காஸ்ட் இண்டெக்ஸ்' என்று ஓர் எண்ணை அடிக்க வேண்டும். நேரத்துக்கு ஆகும் செலவையும் எரிபொருள் செலவையும் நிறுத்துப் பார்க்கும் எண் அது. நேரச் செலவு என்பதில் ஊழியரின் மணிக்கூலியும் அடக்கம். அந்த எண்ணை விமானி தீர்மானிப்பதில்லை, கம்பெனி தருகிறது. முதலாளியின் கணக்கு யந்திரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தொழிலாளி படிக்கும் நேரத்துக்கு மட்டும் அங்கே ஓர் எண் இல்லை.

இதனால் யந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இத்தகைய கருவிகளால் விமானப் பயணம் முன்னைவிடப் பத்திரமாகியிருப்பது உண்மை. நாம் கேட்பது வேறு: படிக்கும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? இன்று நம் நாட்டில் எத்தனையோ இளம் விமானிகள் ஒரு ரக விமானத்தைக் கற்பதற்கு லட்சக்கணக்கில் சொந்தப் பணம் கட்டுகிறார்கள். நம் பகுதியில் புது மெஷினில் பழகும் பிள்ளைக்குப் 'பயிற்சி' என்ற பெயரில் அரைக்கூலி. இரண்டும் ஒரே நியாயம்தான்.

ஆகவே புது யந்திரம் வரும் ஒவ்வொரு மில்லிலும் தொழிலாளர் மூன்றைக் கேட்க வேண்டும். பயிற்சி வேலை நேரத்திலேயே, முழுக் கூலியோடு நடக்க வேண்டும். யந்திரம் என்ன செய்கிறது என்பதைத் தமிழில் விளக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நிறுத்தும் உரிமை அதன் முன்னால் நிற்பவருக்கு வேண்டும். நிறுத்தியதற்காகக் கூலி பிடிக்கக் கூடாது.

மில் தோழருக்கு என் பதில் இதுவே: யந்திரம் சரியாக ஓடும்போது விமானியின் வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. அது தவறும் அரை நிமிஷத்தில், அவர் எவ்வளவு படித்திருக்கிறாரோ அவ்வளவுதான் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் ஆயுள்.