பயிலுநரின் ஒழுக்கமும் அலுவலகத்தின் கடப்பாடும்

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மூண்ட மோதல்களின்போது மூதூர், தோப்பூர் மக்கள் உடுத்த உடையோடு கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தனர். அக்காலத்தில் பிறந்த பிள்ளைகள் இன்று பல்கலைக்கழக வாசலை எட்டியிருக்கின்றனர். 2009இல் கிண்ணியாப் பாலமும் பின்னர் ஏனைய பாலங்களும் திறக்கப்பட்டதால், தோணிக்கும் பாதைக்கும் காத்திருந்த பிரயாணம் இலகுவாகியுள்ளது. கணினித்துறை பயிலும் எமது பிள்ளைகள் திருகோணமலைக்கும் கொழும்புக்கும் சென்று தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பயிலுநர்களாக அமரும் காலம் வந்திருக்கின்றது. இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமாகும்.

எனினும், பாலம் கடந்த பிள்ளைக்கு அலுவலகத்தின் வாசற்படி உயரமாகவே தோன்றுகின்றது. தகப்பன் வயலையோ கடலையோ நம்பி வாழ்ந்தவர். அலுவலக நடைமுறை இதுவெனச் சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. தாமதத்தை யாருக்கு அறிவிப்பது, பிழை நேர்ந்தால் யாரிடம் ஒப்புக்கொள்வது, மேலதிகாரியின் கருத்தை எப்படி மறுப்பது என்பவற்றைப் பாடநூல்கள் கற்பிப்பதில்லை. நகரத்துப் பிள்ளை உறவினரைப் பார்த்துக் கற்றுக்கொள்வதைக் கிராமத்துப் பிள்ளை ஏச்சு வாங்கியே கற்றுக்கொள்கின்றது. எழுதப்படாத விதிகள் இவ்வாறு வசதியற்றவரையே முதலில் தண்டிக்கின்றன.

மாணவரிடம் நிறுவனங்கள் ஒழுங்கை எதிர்பார்ப்பதில் தவறில்லை. நேரந்தவறாமை, ஒப்படைத்த வேலையின் நிலையை மறைக்காது கூறுதல், தெரியாததைத் தெரியாதெனக் கேட்டல் ஆகியன எந்தத் தொழிலுக்கும் பொதுவானவை. கணினித்துறைக்கே உரிய கடமைகளும் உள. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அனுமதியின்றிக் கணினியொன்றினுள் நுழைவது குற்றமாகும். நம்பி ஒப்படைக்கப்பட்ட கடவுச்சொல் போன்ற தகவலை அதிகாரமின்றி மற்றவருக்கு வெளியிடுவதும் அவ்வாறே. நண்பனுக்கு உதவியதாக மாணவன் கருதும் செயல் நீதிமன்றம் வரை செல்லக்கூடும் என்பதை எத்தனை பேர் அறிந்திருக்கின்றனர்? அமானிதம் என்னும் சொல்லின் பொருளை அறிந்த சமூகத்துக்கு இதனை விளக்குவது கடினமன்று.

இன்னொரு விடயமும் உண்டு. வாடிக்கையாளரின் தரவுகளையோ நிறுவனத்தின் நிரல்களையோ செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் இட்டு விடை தேடும் பழக்கம் மாணவரிடையே பரவியுள்ளது. பல்கலைக்கழகத்தில் இதனால் புள்ளிகள் குறையலாம்; அலுவலகத்திலோ பிறருடைய இரகசியம் வெளியேறிவிடுகின்றது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்ட பின்னர் இதனைச் சிறு கவனயீனமென ஒதுக்கிவிட முடியாது. பயிற்சிக் காலத்தில் எழுதிய நிரலை இறுதியாண்டுச் செயற்றிட்டத்தில் சேர்க்கலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

ஆனால் ஒழுக்கம் ஒருவழிப் பாதையன்று. கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலங்களையும் வாரத்துக்கு 45 மணித்தியாலங்களையுமே சாதாரண வேலை நேரமாக வகுத்துள்ளது. முழுச் சம்பளம் பெறும் ஊழியருக்கே எல்லை இதுவாயின், சிறு கொடுப்பனவோடு அல்லது அதுவுமின்றி உழைக்கும் பயிலுநரை நள்ளிரவு வரை இருத்தி வைப்பதை ‘அர்ப்பணிப்பு’ என்று அழைப்பது எவ்வகையில் நியாயம்? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கான நேரம், நோன்பு காலத்தின் கடமை நேரம், மாணவியர் வீடு திரும்பும் நேரம் என்பனவும் முதல் நாளிலேயே பேசித் தீர்க்கப்பட வேண்டியவை. ஒவ்வொரு வாரமும் கெஞ்சிப் பெறும் சலுகைகளாக அவை இருக்கலாகாது.

மிகவும் பாரதூரமானது மௌனத்தின் பிரச்சினை. மேற்பார்வையாளரின் அறிக்கையிலேயே பயிற்சியின் பெறுபேறு பெரிதும் தங்கியிருப்பதால், அவமதிப்பையோ அத்துமீறலையோ வெளியில் சொல்ல மாணவர் அஞ்சுகின்றனர். மாணவியரின் நிலை இன்னும் இக்கட்டானது. முறையிட்டால் வேலைக்குச் செல்வதையே வீட்டார் நிறுத்திவிடுவர் என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கி, ஐந்து ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனைக்கு வழிசெய்துள்ளது. வேலைத்தளத்தில் அதிகாரமுள்ளவர் சொல்லாலோ செயலாலோ புரியும் அத்துமீறலும் இதில் அடங்கும். சர்வதேச தொழில் அமைப்பின் 2019ஆம் ஆண்டின் 190ஆம் இலக்கச் சமவாயம், பாதுகாக்கப்பட வேண்டியோரின் வரிசையில் பயிலுநர்களையும் வெளிப்படையாகவே சேர்த்துள்ளது. சட்டம் இருந்தும் முறையிடும் வழியை மாணவர் அறியாதிருப்பின், அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.

இதற்குப் பெருஞ்செலவான திட்டம் எதுவும் தேவையில்லை. பயிற்சி தொடங்குமுன் மாணவர், நிறுவனம், கல்வி நிலையம் ஆகிய மூன்று தரப்பினரும் ஒப்பமிடும் ஒரு பக்க ஆவணம் போதும். வேலை நேரம், கொடுப்பனவு, விடுமுறை, இரகசியம் பேணல், நிரலின் உரிமை ஆகியன அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். முறைப்பாட்டை ஏற்பவர் மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவராக இருக்கக்கூடாது. அது மாணவருக்கு விளங்கும் தமிழிலும் இருப்பது அவசியம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்றவை இவ்வாவணமின்றி மாணவரை அனுப்புவதில்லை என்று தீர்மானித்தால் நிறுவனங்கள் இணங்கவே செய்யும். பயிற்சி முடித்துத் திரும்பியோர் அடுத்த அணியினருக்கு ஒரு நாளேனும் தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள ஊர்ச் சங்கங்களும் ஒழுங்கு செய்யலாம்.

விதியைச் சொல்லாமலே மீறியதாகக் குற்றஞ்சாட்டுவது நீதியாகாது. எதிர்பார்ப்பதை முதலில் எழுதிக் கொடுக்கும் நிறுவனமே, அதனைப் பின்பற்றுமாறு மாணவரிடம் கேட்கும் தகுதியைப் பெறுகின்றது.