பள்ளி மணி அடித்த பின்னர்

நம் பள்ளியின் கடைசி மணி, நண்பகல் கடந்து சற்று நேரத்தில் அடித்துவிடுகின்றது. வேனுக்குக் காத்திருப்போர் வேனேறுகின்றனர். அருகில் குடியிருப்போர் நடந்தே செல்கின்றனர். ஆசிரியர்கள் பயிற்சி ஏடுகளைத் திருத்த அமர்கின்றனர். அதற்குப் பின் என்ன? தாய், தொழிற்சாலையில் மாலை ஏழு மணி வரை வேலை பார்ப்பவர். தந்தை, செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்து அயர்ந்து உறங்குபவர், அல்லது லோரி ஓட்டி வெளியூரில் இருப்பவர். பத்து வயதுச் சிறுமி தானே கதவைத் திறந்து, தானே சோற்றைப் போட்டுக்கொண்டு, தம்பிக்கும் கொடுத்துவிட்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு அமர்ந்துவிடுகிறாள். வீட்டுப்பாடம் பையைவிட்டு வெளியே வருவதேயில்லை. மறுநாள் காலை ஆசிரியர் அவளைக் கடிந்துகொள்கிறார். ஆசிரியர் மீது குற்றமில்லை. சிறுமி மீதும் குற்றமில்லை. பிற்பகல் ஒரு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரையுள்ள அந்த ஏழு மணி நேரத்தை எவரும் தம் பொறுப்பென்று ஏற்கவில்லை.

இவ்வாண்டு மலரில் நாம் எழுத எடுத்துக்கொண்டது அந்த ஏழு மணி நேரத்தைப் பற்றியே. கட்டடத்தைப் பற்றியும் கணினி அறையைப் பற்றியும் முந்தைய மலர்களில் நிறைய எழுதியாயிற்று.

தோட்டத்துப் பள்ளிகள் எங்ஙனம் தோன்றின என்பதை இளையோர் அறிந்திருத்தல் நலம். மலாயாவில் தமிழ் வகுப்பு முதன்முதலில் 1816ஆம் ஆண்டு பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிற்று. ஆயினும், தோட்டங்களுக்குள் பள்ளிகள் பெருகியது 1912, 1923 ஆகிய ஆண்டுகளில் வந்த தொழிலாளர் சட்டங்களுக்குப் பின்னரே. ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், தோட்ட முதலாளி பள்ளி வைத்தாக வேண்டும் என்றது சட்டம். அதனை நிறைவேற்றிய விதம் வேறு கதை. பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை. ஆசிரியர் என்பவர் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி அல்லது கிராணி. சட்டம் கேட்டதைத் துரைமார்கள் குறைந்த செலவில் முடித்துக்கொண்டனர். அக்கொட்டகையைப் பள்ளிக்கூடமாகக் காத்து நின்றவர்கள் அங்கே உழைத்த மக்களே.

விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். மூத்த பிள்ளை பள்ளிக்குப் போகும். மாலையில் லயத்து வாசல்கள் யாவும் திறந்திருக்கும். எந்த வீட்டுப் பிள்ளை எங்கே திரிகின்றது என்பது அந்த வரிசையில் குடியிருந்த எல்லாருக்கும் தெரியும். அக்காலத்தைப் பொற்காலமென்று புகழ நாம் வரவில்லை. கள்ளுக்கடையும் கடனும் அன்றும் இருந்தன. நான்காம் வகுப்போடு ஏட்டை மூடிவைத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போன பிள்ளைகளும் ஏராளம். ஆனால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அயலாரின் கண்கள் இருந்தன.

அக்கண்கள் இன்று இல்லை. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, லயங்களும் கலைந்தன. நான்காம் மாடியில் குடியேறிய குடும்பத்துக்கு எதிர்வீட்டாரின் பெயர்கூடத் தெரிவதில்லை. 1957ஆம் ஆண்டில் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகக் குறைந்துள்ளன. எண்ணிக்கை குறைந்ததைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். பள்ளியைச் சுற்றியிருந்த மக்கள் சிதறிப்போனதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பிறர் பிள்ளைக்காகக் கைகொடுப்பது நம் மக்களுக்குப் புதியதன்று. 1950களில், மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறைக்காகத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்கப்பட்டது. தந்தவர்களுள் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தனர். பல்கலைக்கழக வாயிலையே கண்டிராதவர்கள், யாரோ ஒரு பிள்ளை அங்கே படிக்கட்டும் என்று தந்த வெள்ளி அது. 1960இல், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட வேளையில், துன் வீ.தி. சம்பந்தன் அமைத்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியவர்களும் பெரும்பாலும் இதே பால்வெட்டுத் தொழிலாளர்களே.

1982இல் டாக்டர் தம்பிராஜாவின் முயற்சியால் தோன்றிய ஸ்ரீ முருகன் நிலையமோ வேறொன்றைக் கேட்டது. பல்கலைக்கழகம் சென்றவர்கள் தங்கள் நேரத்தைக் கொண்டுவந்து, பின்னே வரும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தனர். அங்குப் பயின்று மேலே சென்ற பலர், மீண்டும் வந்து கற்பித்தனர். முன்னவை இரண்டும் பணத்தால் நிகழ்ந்தன. இது நேரத்தால் நிகழ்ந்தது. பணம் கொடுப்பதில் நம் வட்டாரத்து மக்கள் ஒருபோதும் பின்வாங்கியதில்லை. நேரம் கொடுப்பதில்தான் நாம் கஞ்சர்கள். இதை எழுதும் நம்மையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

தேர்வு வந்தால் நேரமும் கிடைக்கின்றது என்று சிலர் மறுக்கலாம். உண்மைதான். 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக நாம் செய்யாததில்லை. ஆறாம் ஆண்டு மாணவர்க்கு மாலை வகுப்பு, இரவு வகுப்பு, விடுமுறை முகாம், ஆலயத்தில் சிறப்புப் பூசை, நன்கொடையாளர் வழங்கும் பயிற்சி நூல்கள் என்று ஊரே திரண்டது. ஏழு ‘ஏ’ பெற்ற பிள்ளைக்கு மாலையும் பரிசும் தந்து மகிழ்ந்தோம். அத்தேர்வு 2019இல் கடைசியாக நடந்தது. 2020இல் பெருந்தொற்றின் காரணமாக நிறுத்தப்பட்டது. 2021இல் அடியோடு நீக்கப்பட்டது. மாலை வகுப்பும் அதனோடு மறைந்தது. நன்கொடையாளரும் வருவதில்லை, ஊரும் திரள்வதில்லை. அப்படியானால், இத்தனை ஆண்டுகளும் நாம் துணைநின்றது பிள்ளைக்கா, தேர்வுத்தாளுக்கா? ஏழு ‘ஏ’ வாங்க மாட்டான் என்று அன்றே ஒதுக்கப்பட்டு, பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவனுக்கு இதன் விடை முன்பே தெரிந்திருக்கும்.

அவன் பின்னர் எங்கே போனான்? பழைய ஆண்டு மலர் ஒன்றைப் புரட்டி, ஆறாம் ஆண்டு மாணவர்களின் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாக விசாரித்துப் பார்த்தோம். தாதியானவள் இருக்கிறாள், பொறியியல் படித்தவன் இருக்கிறான், அவர்களைப் பற்றி எல்லாரும் உடனே கூறினர். மூன்றாம் படிவத்தோடு நின்று கார் கழுவும் கடைக்குப் போனவர்களைப் பற்றித் தயங்கித் தயங்கியே கூறினர். இரண்டொருவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சிறு தமிழ்ப்பள்ளியில் எல்லாரும் பெயர் சொல்லி அழைக்கக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் நாற்பது பேர் கொண்ட வகுப்பில், மலாய்மொழியில் எல்லாப் பாடங்களையும் கேட்டு, பேச்சற்று அமர்கின்றது. முதலாம் படிவத்தில் வாய் மூடிய பிள்ளை, மூன்றாம் படிவத்தில் பள்ளிக்குப் போவதையே நிறுத்துகின்றது. ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கிய சட்டம் 2003ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. ஆதலால் ஆறாம் ஆண்டு வரை நாம் பெருமைப்படலாம். அதன் பிறகு, அப்பிள்ளை நம் பள்ளிப் பதிவேட்டிலும் இல்லை, நம் நினைவிலும் இல்லை.

அண்டை நாடான சிங்கப்பூரில் கடைசித் தமிழ்ப்பள்ளியாகிய உமறுப்புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் பின்னர், 1991இல், அங்குள்ள இந்தியர்களுக்காகச் சிண்டா அமைக்கப்பட்டது. வேலை செய்யும் இந்தியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகை அதற்குச் செல்கின்றது, வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம். அத்தொகையைக் கொண்டு துணைப்பாட வகுப்புகள் நடைபெறுகின்றன. நம்மிடம் அத்தகைய நிதி இல்லை. ஆனால், அவர்கள் இழந்துவிட்ட பள்ளி நம்மிடம் இருக்கின்றது. பிள்ளையின் பெயரும் வீடும் தாய் தந்தையரும் நமக்குத் தெரியும்.

ஆகவே, நாம் கேட்பது இதுதான். திங்கள் முதல் வியாழன் வரை, பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை, ஓர் இடம் திறந்திருக்க வேண்டும். அங்கே மேசையும் விளக்கும் குடிநீரும் சில நூல்களும் இருந்தால் போதும். அதை இன்னொரு டியூஷன் வகுப்பாக்கிவிட வேண்டா. பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைச் செய்யட்டும். செய்து முடித்தோர் கதை படிக்கட்டும், பந்து விளையாடட்டும். ஒவ்வொரு நாளும் பெரியவர் இருவர் இருத்தல் வேண்டும். எந்தப் பிள்ளையும் ஒரே ஆளின் பொறுப்பில் தனித்து விடப்படலாகாது. வருவோர் போவோர் பெயர் பதியப்பட வேண்டும். முன்னாள் மாணவர் ஒருவர் மாதத்தில் ஒரு மாலை வந்தாலே, ஏறத்தாழ முப்பது பேரைக் கொண்டு எல்லா மாலைகளையும் நிரப்பிவிடலாம். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட நம் பிள்ளைகளையும் அழைக்க வேண்டும். இதில் நாம் உறுதியாக இருக்கிறோம். முதலாம் படிவத்து மாணவன் மூன்றாம் ஆண்டுச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பட்டணத்துப் பள்ளியில் பேச்சற்றுப் போனவன், இங்கே அண்ணன் என்று அழைக்கப்படுவான்.

இடம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆலய மண்டபம் பெரிது, மின்விசிறியும் உண்டு, திருமணம் இல்லாத நாள்களில் பூட்டியே கிடக்கின்றது. மண்டபத்தைக் கேட்டபோது, பிள்ளைகள் வந்தால் சுவர் அழுக்காகும் என்று கூறிய ஆலய நிருவாகத்தினரை நாம் அறிவோம். வேறோர் ஊரில், அதே போன்ற மண்டபத்தைத் திறந்துவிட்டு, மாலையில் பயறும் தேநீரும் கொடுத்த நிருவாகத்தினரையும் அறிவோம். எனினும், நம் பள்ளியில் கிறிஸ்தவப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் பயில்கின்றனர். அவர்களுள் ஒருவரேனும் வரத் தயங்குவாராயின், அவ்விடம் பொதுவிடமாகாது. ஆதலின், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையே தக்கது என்பது நம் எண்ணம். பயற்றை ஆலயம் அங்கே அனுப்பி வைக்கட்டும். அதிலும் புண்ணியம் உண்டு. நம் பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளி, நிலம் தோட்டத்துக்குரியது. எனவே, பள்ளி வாரியத்தின் இசைவையும் தோட்ட நிருவாகத்தின் இசைவையும் பெறுவது தலைமையாசிரியருக்குக் கடினமான வேலையாகலாம். தொழிற்சங்கக் கிளையின் தலைவர் உடன் சென்று பேசினால், அவ்வேலை பாதியாகும்.

ஆசிரியர்கள் மீது இச்சுமையை ஏற்றிவிடலாகாது என்பதையும் இங்கே கூறிவைக்கிறோம். காலையில் அவர்கள் தம் பங்கைச் செய்துவிடுகின்றனர். பெற்றோருள் எழுதப் படிக்கத் தெரியாதோர், தங்களால் என்ன ஆகும் என்று ஒதுங்க வேண்டா. பாடம் சொல்லித் தர முடியாவிடினும், பிள்ளை படித்துக் காட்டும்போது அருகில் அமர்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டுமே! பால்வெட்டி ஓய்வு பெற்ற பாட்டி ஒருவர் அப்படி அமர்ந்தால், பிள்ளை இன்னொரு பக்கமும் படிக்கும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறோம். அதற்கு முன்னரே, பள்ளி அலுவலகத்தில் நீலநிற அட்டையிட்ட ஏடு ஒன்று வைக்கப்படும். மாதத்தில் எந்த மாலை வர இயலும் என்பதைத் தம் பெயருக்கு நேரே குறித்துச் செல்லலாம். கையெழுத்திடத் தெரியாதவர் பெயரைச் சொன்னால், பிள்ளைகளே எழுதிக்கொள்வர். முதல் பக்கத்தில் நம் பெயர்களை எழுதிவிட்டோம்.