கிராம சபைக்கு வாங்க, கல்லூரிப் பேச்சு இருக்கு

தோழர்களே, தாய்மாரே, முட்டத்திலும் கடியப்பட்டணத்திலும் இதைக் கையில் வாங்கிப் படிக்கும் இளைஞர்களே!

ஆகஸ்ட் 15 கிராம சபை. அதற்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நாள் அதிகம் இல்லை. அரசுப் பல்கலைக்கழகங்களையும் அவற்றின் கலைப் பாடங்களையும் காப்பாற்றச் சொல்லி நம் ஊராட்சி தீர்மானம் போட வேண்டும். அதில் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் பெயரும் இருக்க வேண்டும்.

"மலை உச்சியில இருக்க காலேஜுக்கு நாம எதுக்கு மக்கா கொடி பிடிக்கணும்?" என்று அன்பியக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

கொடைக்கானல் யாருடைய ஊராக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். வெயிலுக்கு ஒதுங்கிய வெள்ளைக்காரர்களின் ஊர், அவர்கள் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி கட்டிய ஊர், பிறகு பங்களா வாங்கியவர்களின் ஊர். 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் அந்த ஊரில் 1984-ல் தமிழ்நாடு அரசு சட்டம் போட்டுப் பெண்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியது. தமிழ், ஆங்கிலம், வரலாறு, இசை, பெண்ணியல் எல்லாம் அங்கே பாடம். தமிழ்நாட்டில் அரசு மகளிர் பல்கலைக்கழகம் அது ஒன்றுதான். மகளை வெளியூர் விடுதியில் விட நம் ஊர் அப்பன்மார் ஆயிரம் யோசிப்பார்கள்; பெண்கள் மட்டும் படிக்கிற அரசு இடம் என்றால் சம்மதிப்பார்கள். அந்த யோசனையே எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அதைக் காரணம் காட்டியாவது ஒரு பிள்ளை ரயிலேறிப் போய்ப் படித்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

நம் கல்லூரி ஆசிரியர்களின் மூட்டா சங்கத்தை எல்லோருக்கும் தெரியும். மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார், அன்னை தெரசா, அழகப்பா என்று நான்கு பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் ஒரே சங்கம் அது. நாகர்கோவிலில் பாடம் எடுப்பவரும் கொடைக்கானலில் பாடம் எடுப்பவரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து போராடியவர்கள். அவர்களிடம் படிக்கிற பிள்ளைகளின் வீட்டார் மட்டும் தனித்தனியாக நிற்க வேண்டுமா?

நிலைமை எப்படி இருக்கிறது? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் நின்று, வயதான பேராசிரியர்கள் தர்ணாவில் உட்கார்ந்தார்கள். 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கியது. ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் துணைவேந்தர் இல்லாமலே பல பல்கலைக்கழகங்கள் ஓடின. நிரந்தர ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலி காலி, அல்லது ஒரு கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான். அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொன்னது. தமிழ்நாட்டில் பல வருடம் அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு ஆபத்து உண்டு. 2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகச் சட்டத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. அரசு உதவிபெறும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகமாக மாற அது வழிவிட்டது. ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்ததும் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. குமரி மாவட்டத்தில் கலைப் படிப்பைத் தாங்கி நிற்பதே உதவிபெறும் கல்லூரிகள்தான். அவை கைமாறினால் நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்? எந்த ஆட்சி வந்தாலும் அந்த மசோதா வேறு பெயரில் மேசைக்கு வரலாம். வருகிற அன்றைக்கு நம் ஊராட்சியின் தீர்மானம் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

"பி.ஏ. படிச்சு என்ன கிழிக்கப் போறா, நர்சிங் படிச்சாலாவது வெளிநாடு போகலாம்" என்று நம் வீடுகளிலேயே சொல்கிறார்கள். நர்சிங் நல்ல படிப்பு. ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது நடந்ததை மறந்துவிட்டோமா? கடலுக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசு சொன்ன எண் ஒன்று, கடற்கரை சொன்ன எண் வேறு. வீடு வீடாகப் போய்ப் பெயர், படகு, கிளம்பிய நாள், கூடப் போனவர் யார் என்று நோட்டில் எழுதியவர்கள் பங்குகளில் இருந்த படித்த பிள்ளைகள். டிசம்பர் 7-ந் தேதி குழித்துறையில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது அதிகாரிகளிடம் நீட்டுவதற்குக் கையில் ஒரு பட்டியல் வேண்டியிருந்தது. கோரிக்கையை நாலு வரியில் எழுதவும், எழுதியதை மைக்கில் கம்மாமல் சொல்லவும் ஆள் வேண்டியிருந்தது. கிள்ளியூர் பக்கம் 1,144 ஹெக்டேரில் மணல் அள்ளும் திட்டத்துக்கு 2024-ல் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள். மக்கள் எதிர்ப்பில் தள்ளிவைத்தார்கள். அந்தத் திட்ட அறிக்கை தடித்த புத்தகம். அதைப் படித்து, எந்தப் பக்கத்தில் நம் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வரலாறும் பொருளாதாரமும் சமூகவியலும் படித்தவர்கள் வேண்டும். அவர்களை வெளியிலிருந்து கூலிக்குக் கொண்டுவந்தால் யார் கூலி கொடுக்கிறார்களோ அவர்கள் பக்கம்தான் பேசுவார்கள்.

இப்போது காசுப் பேச்சு. மேற்குக் கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கல்லூரிச் சேர்க்கையும் அதே மாதங்களில். துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள்: விசைப்படகுகள் விலாவோடு விலா ஒட்டிக் கட்டிக் கிடக்கின்றன, கரையில் வலை பொத்துகிறார்கள், ஏலக்கூடத்தில் வள்ளக்காரர் கொண்டுவந்த கொஞ்சம் சாளைக்குப் பத்துப் பேர் நிற்கிறார்கள். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். இரண்டு மாத அரிசிக்கும் பழைய வட்டிக்கும் அது சரியாகப் போகும். உதவிபெறும் பிரிவில் இடம் கிடைத்த பிள்ளை தப்பித்தாள். அது நிரம்பி, அதே கட்டிடத்தின் சுயநிதிப் பிரிவுக்குத் தள்ளப்பட்டவளின் தாய் மீன் சட்டியைக் கீழே வைத்துவிட்டு நகைக்கடன் வரிசையில் நிற்கிறாள். காதில் கிடந்த கம்மலுக்குப் பதில் ஈர்க்குச்சி. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவது நல்லதுதான், ஆனால் அது சேர்ந்த பிறகுதான் வரும். சேர்வதற்கான காசை ஜூலையில் யார் தருவது?

ஆகவே தீர்மானத்தில் இவற்றைக் கேட்கிறோம். காலிப் பணியிடங்களை நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். பல்கலைக்கழகச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் அரசுக் கருவூலமே ஏற்க வேண்டும். ஆள் சேரவில்லை என்று சொல்லி எந்தக் கலைப் பாடத்தையும் மூடக்கூடாது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டும் கடைசி நாளை ஆகஸ்ட் 31-க்குத் தள்ள வேண்டும். கடைசிக் கோரிக்கைக்கு அரசுக்கு ஒரு பைசா செலவில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். கொடைக்கானல் சேர்க்கைக்கும் அது பொருந்த வேண்டும்.

ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். மக்கள்தொகை 3,000-ஐத் தாண்டிய ஊராட்சியில் 200 பேர், 10,000-ஐத் தாண்டியதில் 300 பேர் வராவிட்டால் கிராம சபை செல்லாது. ஜூலை 31 நள்ளிரவுக்குப் பிறகு விசைப்படகுகள் கிளம்பிவிடும். 15-ந் தேதி நம் ஆண்களில் பாதிப் பேர் ஆழ்கடலில் இருப்பார்கள். சபையை நிறைக்க வேண்டியது பெண்கள். அன்றைக்கு மாதா விண்ணேற்புப் பெருநாளும்கூட. பூசை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சமையலில் இறங்கினால் ஆள் திரும்ப வராது. கோயில் முற்றத்திலிருந்து நேராகச் சபைக்கு நடப்போம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

இதே கோரிக்கைகளை எழுதிய மனுவில் ஆண்கள் கையெழுத்தை ஜூலை 31-க்குள் வாங்கிவிட வேண்டும். மனு நகல் ஒவ்வொரு அன்பியத் தலைவரிடமும் இருக்கும். வலை பொத்தும் இடத்துக்கே எடுத்துப் போங்கள், யாரையும் வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் வீட்டு எண்ணைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கைநாட்டு வைப்பவர் பெயரை நீங்களே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு மை தடவுங்கள்.