சீட் கொடுத்தீர்கள், படுக்க இடம் எங்கே?

ஜூலை மாதம் பிறந்தால் எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணா, கவுன்சிலிங்ல சீட் கிடைச்சிருச்சு" என்று தொடங்குவார்கள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம் இருக்கும். நாங்கள் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். "ஹாஸ்டலுக்குத்தாண்ணா என்ன பண்றதுன்னு தெரியல."

படிப்புக் கட்டணத்துக்கு ஏதோ ஒரு வழி இருக்கிறது. முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. வங்கிக் கடன் இருக்கிறது. ஆனால் சேரியிலிருந்து இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் படிக்கும் பிள்ளை ராத்திரி எங்கே படுக்கும், காலையில் என்ன சாப்பிடும்? இந்தக் கேள்வி எழுந்தவுடன் அரசு, வங்கி, கல்லூரி மூன்றும் பிள்ளையின் அப்பாவைத் திரும்பிப் பார்க்கின்றன. அப்பா அம்மாவின் காதைப் பார்க்கிறார். தோடு அடகுக் கடைக்குப் போகிறது.

இதைக் குடும்பக் கஷ்டம் என்று யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம். தங்குமிடத்தைக் கல்விக்கு வெளியே நிறுத்தி வைத்திருப்பது திட்டமிட்ட ஒரு ஏற்பாடு. இடஒதுக்கீட்டை நேரடியாக ஒழிக்கத் துணிச்சல் இல்லாதவர்கள், விடுதி வாசலில் நின்று அதைப் பாதியாக வெட்டுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பிணை தேவையில்லை. பெற்றோர் இணைந்து கையெழுத்துப் போட்டால் போதும். அதற்கு மேல் போனால் ஜாமீன் கேட்பார்கள். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்தைக் கேட்பார்கள். நம் வீடுகளில் சொத்து என்றால் என்ன? பட்டா வராத ஒரு ஓட்டு வீடு, அல்லது அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. ஆக நமக்கு 4 லட்சம்தான் எல்லை. பெருநகரத்தில் ஒரு தனியார் விடுதியில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குப் பத்து மாதம், நான்கு ஆண்டுப் படிப்பு. 4 லட்சம் தீர்ந்தது. கூரைக்கும் சோற்றுக்குமே கடன் முழுவதும் போய்விட்டால், படிப்பை எதைக் கொண்டு படிப்பது?

விதிகளில் விடுதிக் கட்டணமும் கடனில் சேரும் என்றுதான் இருக்கிறது. நடைமுறை வேறு. கல்லூரி விடுதி நிரம்பிவிட்டால் வெளியில்தான் தங்க வேண்டும். அதற்கு மேலாளர் ரசீது கேட்கிறார். எந்தத் தனியார் விடுதிக்காரர் முறையான ரசீது தருகிறார்? மாணவனுடன் வங்கி மேசைக்கு முன்னால் உட்கார்ந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. முதலில் "உங்க ஏரியா பிராஞ்சுக்குப் போங்க" என்பார்கள். அங்கே போனால் "அப்பாவுக்கு சிபில் ஸ்கோர் சரியில்ல" என்பார்கள். குழுக் கடனில் தவறிய இரண்டு தவணை, மகளின் பொறியியல் படிப்பைத் தீர்மானிக்கிறது.

2024 நவம்பரில் ஒன்றிய அரசு பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பிணையும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம் என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் அது தரவரிசைப் பட்டியலில் தேர்வான கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் சேரும் சாதாரணக் கல்லூரிகள் எந்தத் தரவரிசையில் இருக்கின்றன?

சரி, கடன் போதவில்லை, உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது யாரும் போட்ட பிச்சையல்ல. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அண்ணல் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல் தொடங்கிய திட்டம் அது. இன்று அது எந்த நிலையில் இருக்கிறது? விடுதியில் தங்கி மருத்துவம், பொறியியல் போன்ற முதல் பிரிவுப் படிப்புகளைப் படிப்பவருக்குப் பராமரிப்புப் படி ஆண்டுக்கு 13,500 ரூபாய். பி.ஏ., பி.எஸ்சி. படிப்பவருக்கு 6,000 ரூபாய். பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 600. நாளுக்கு 20 ரூபாய். ஒரு டீயும் ஒரு வடையும். அதுவும் செமஸ்டர் தொடங்கும்போது வராது. படிப்பு முடிகிற நேரத்தில் வரும். சில நேரம் முடிந்த பிறகும் வரும். விடுதி அலுவலகமோ முதல் நாளே முன்பணம் கேட்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். இந்த உதவித்தொகையைப் பெறக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் 20,833 ரூபாய். பத்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த வரம்பு அசையவில்லை. ஆனால் 2019இல் கொண்டுவந்த பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான இடஒதுக்கீட்டில் 8 லட்சம் வரை சம்பாதிப்பவர் ஏழை. துப்புரவுப் பணி செய்யும் தாயும் கட்டட வேலைக்குப் போகும் தகப்பனும் சேர்ந்து மாதம் 21,000 சம்பாதித்துவிட்டால், அவர்கள் வசதி படைத்தவர்கள். ஏழ்மையை அளக்கக்கூட இந்த நாட்டில் சாதிக்கு ஒரு படி இருக்கிறது.

நேரத்துக்கு வராத பணம் என்ன செய்யும் என்பதற்கு 2024இல் நாடே ஒரு சாட்சியைப் பார்த்தது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தலித் தினக்கூலித் தொழிலாளியின் மகன் ஒருவருக்குத் தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைக் கெடு முடிவதற்குள் கட்ட முடியவில்லை. இடம் பறிபோனது. உச்ச நீதிமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி அந்த இடத்தை மீட்டுக் கொடுத்தது. விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் சத்தமில்லாமல் ஊருக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு எந்த நீதிமன்றம் கதவைத் திறக்கும்?

"வெளியில் நாலு பேராகச் சேர்ந்து ரூம் எடுத்துக்கொள்ளலாமே" என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. எடுக்கலாம்தான். வீட்டுக்காரர் முதலில் ஊரைக் கேட்பார். அடுத்து "ஊர்ல எந்தத் தெரு?" என்பார். அதற்கும் பிடிபடாவிட்டால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகவே கேட்பார். நாசூக்கானவர்கள் "சைவம் மட்டும்" என்று பலகை மாட்டுவார்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. சாதி கேட்கக் கூடாது என்று எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை.

1917இல் அண்ணல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் பரோடாவுக்கு வேலைக்குப் போனார். கையில் பட்டம் இருந்தது, அரசு வேலை இருந்தது, வாடகை கொடுக்கப் பணமும் இருந்தது. இந்து விடுதியில் இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராவது நாள் கம்புகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். பூங்காவில் உட்கார்ந்து கண்ணீர் விட்டார். அன்று இரவே பம்பாய்க்கு ரயில் ஏறினார். நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. கம்பு போய் "ரூம் ஃபுல்" வந்திருக்கிறது. ஆகவே பணம் மட்டும் போதாது, பொது விடுதி வேண்டும் என்கிறோம். சந்தையில் பணம் வைத்திருந்தாலும் நமக்குக் கூரை கிடைக்காது.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர் பள்ளியோடு நிற்கவில்லை. பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதியும் நடத்தினார். 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கிய அண்ணல், அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தார். விடுதி இல்லாத பள்ளி நம் பிள்ளைகளுக்குப் பாதிப் பள்ளி என்று அவர்கள் கணித்தது இன்றும் சரிதான்.

அந்த விடுதிகளின் வாரிசுகளாக இருக்க வேண்டியவை இன்றைய அரசு விடுதிகள். 2025 ஜூலையில் அவற்றுக்கெல்லாம் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். பெயரை வரவேற்கிறோம். பெயர்ப் பலகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உணவுப் படியை 2023இல் கல்லூரி மாணவருக்கு 1,100இலிருந்து மாதம் 1,500 ஆக்கினார்கள். நாளுக்கு 50 ரூபாய். மூன்று வேளை. இந்தப் பணத்துக்குக் கோட்டையில் ஒருவர் ஒரு வாரம் சாப்பிட்டுக் காட்டட்டும்.

முடியாது என்பதல்ல, மனமில்லை என்பதுதான் உண்மை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் தொழிற்கல்வி சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. விடுதியும் கல்வியின் பகுதிதான் என்று அரசே ஒப்புக்கொண்ட இடம் அது. அங்கே முடிந்தது, கலைக் கல்லூரியில் படிக்கும் பட்டியல் சாதி மாணவிக்கு ஏன் முடியாது?

"தினமும் பஸ்ஸில் போய் வரட்டும்", "பகுதி நேர வேலை பார்க்கட்டும்" என்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். நாளுக்கு நான்கு மணி நேரம் பேருந்தில் நிற்கும் பெண் எப்போது படிப்பாள்? இருட்டியபின் ஊர்த் தெருவைக் கடந்து சேரிக்குத் திரும்பும் அவளுக்கு யார் பாதுகாப்பு? நள்ளிரவு வரை உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, காலையில் வகுப்பில் தூங்கும் தம்பியைப் பார்த்து "கோட்டாவில் வந்தவன், இப்படித்தான்" என்கிறீர்கள். அவன் தூங்குவது தகுதிக் குறைவால் அல்ல. தூங்க இடமில்லாததால்.

விடுதி வெறும் கட்டடமல்ல, அதிகாரம் என்பதை ஹைதராபாத் நமக்குக் கற்பித்தது. ரோஹித் வெமுலா உள்ளிட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்களைத் தண்டிக்க நினைத்தபோது நிர்வாகம் முதலில் பறித்தது விடுதி அறையைத்தான். 2016 ஜனவரிக் குளிரில் அவர்கள் வளாகத்தில் திறந்தவெளியில் படுத்தார்கள். ஏழு மாத ஆய்வு உதவித்தொகை வர வேண்டியிருந்ததை ரோஹித் தன் கடைசிக் கடிதத்தில் எழுதி வைத்தார். அறையும் உதவித்தொகையும் ஒருவரைப் படிக்க வைக்கும். அவை பறிபோனால் என்ன ஆகும் என்பதை அந்த ஜனவரி சொன்னது.

எங்கள் கோரிக்கைகள் எளியவை. உதவித்தொகையோடு விடுதி, உணவுச் செலவு முழுவதையும் சேர்த்து, செமஸ்டர் தொடங்கும் முன்பே வழங்கு. அரசுப் பணம் வரும்வரை எந்த மாணவரிடமும் முன்பணம் கேட்கவோ, அறையிலிருந்து வெளியேற்றவோ, ஹால் டிக்கெட்டை நிறுத்தவோ கூடாது என்று ஆணையிடு. பராமரிப்புப் படியை விலைவாசியோடு இணை. வருமான வரம்பை 8 லட்சமாக உயர்த்து. பல்கலைக்கழகங்கள் உள்ள நகரங்களில், ஊருக்கு வெளியே அல்ல, கல்லூரிக்குப் பக்கத்தில் விடுதி கட்டு.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். வங்கியில் கடன் மறுத்தால் வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விடுதியை விட்டுப் போகச் சொன்னால் ஆணையை எழுத்தில் கேளுங்கள். பெட்டியைக் கட்டுவதற்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள். வேலையில் அமர்ந்துவிட்ட அண்ணன்களே, அக்காக்களே, உங்கள் தெருவிலிருந்து இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகும் பிள்ளை எங்கே தங்கியிருக்கிறது என்று இன்றைக்கே விசாரியுங்கள். நாமும் யாரோ நடத்திய விடுதியில் படுத்து எழுந்து வந்தவர்கள்தாம்.

சீட் எங்கள் உரிமை. அந்த சீட்டில் உட்கார வருபவர் ராத்திரி தலைசாய்க்கும் இடமும் எங்கள் உரிமை.

ஜெய்பீம்.