கலைக்கப்பட்ட பட்டாளத்துக்கு வரலாறு எழுதுவோர் யார்?

பிரிட்டிஷ் மாவட்டக் காலாட்படைகளின் வரலாற்று நூல்களைத் தமிழ் மாணவர்கள் எதற்காகப் படிக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சோழர் மெய்க்கீர்த்தி படித்தவர்கள்தாம் அவற்றைச் சரியாகப் படிக்கக்கூடியவர்கள் என்பது நம் விடை. இரண்டும் ஒரே இனம். தோற்றப் பெருமை, பெற்ற பட்டங்கள், வென்ற களங்களின் அடுக்கு. தோல்வி என்றால் ஒரு மெல்லிய சொல். எதிரிக்குப் பெரும்பாலும் பெயரே இராது.

69ஆம் ரெஜிமென்ட்டை எடுத்துக்கொள்வோம். 1782இல் காலாட்படைகளுக்கு மாவட்டப் பெயர்களைச் சூட்டினார்கள். ஊர்ப்பற்றைச் சொல்லி ஆள் சேர்க்கலாம் என்பது கணக்கு. இதற்கு வாய்த்த பெயர் தெற்கு லிங்கன்ஷயர். 1881இல் 41ஆம் ரெஜிமென்ட்டுடன் சேர்த்து, வெல்ஷ் ரெஜிமென்ட்டின் இரண்டாம் பட்டாளம் ஆக்கினார்கள். லிங்கன்ஷயர் எங்கே, வேல்ஸ் எங்கே! 1969இல் மீண்டும் ஓர் இணைப்பு. 2006 முதல் அந்த மரபுக்கு ராயல் வெல்ஷ் என்று பெயர். திருப்பூரில் வாழ்பவர்களுக்கு இதில் வியப்பில்லை. துணி ஒன்றுதான், லேபிள் மாறும்.

இந்த ரெஜிமென்ட்டின் நான்கு கம்பெனிகள் 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் உறங்கிக்கொண்டிருந்தன. (நம் ஊரில் பனியன் தைக்கும் இடமும் கம்பெனிதான், நாட்டை ஆண்ட கும்பினியும் அதே சொல்தான்.) சென்னைப் படையின் சிப்பாய்கள் எழுந்தார்கள். முந்தைய ஆண்டு நவம்பரில் வந்த உடை உத்தரவு நெற்றிக்குறியைத் தடுத்தது, தாடியை மழிக்கச் சொன்னது, தோல் பதக்கம் வைத்த புதிய தலைப்பாகையைத் தலையில் ஏற்றியது. உடுப்பினால் மட்டுமே ஒரு படை எழுமா என்று கேட்பவர்கள் உண்டு. கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள் காவலில் இருந்ததையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஆனாலும், உடுப்பு என்பது உடலுக்கு மேலே கிடக்கும் துணி மட்டுமன்று என்பதை உடுப்புத் தைத்தே பிழைக்கும் ஊருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

69ஆம் ரெஜிமென்ட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளும் அவர்களுள் அடக்கம். இதைத் தமிழ் மேடைகளில் நாம் கேட்பது அரிது. நாமும் மெய்க்கீர்த்திதான் எழுதுகிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எஞ்சியவர்கள் மதில்மேல் ஒண்டியிருந்தபோது ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்தார். அந்தப் பாய்ச்சலை ஹென்றி நியூபோல்ட் பின்னாளில் கதைப்பாடலாக்கினார். கோட்டை மீண்ட பிறகு நடந்தது அப்பாட்டின் பொருள் அன்று. கோட்டைக் கதவைத் தகர்த்த பொறியாளர் ஜான் பிளேகிஸ்டன் 1829இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் அது இருக்கிறது: அரண்மனைக்குள் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் வெளியே இழுத்துவரப்பட்டு, சுவரோரம் நிறுத்தப்பட்டு, எல்லோரும் விழும்வரை சுடப்பட்டார்கள். விசாரணை இல்லை. அன்று இறந்த சிப்பாய்கள் ஏறக்குறைய 350 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பின்னர் விசாரணை நடத்திச் சிலரைத் தூக்கிலிட்டார்கள். சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். உத்தரவிட்ட தலைமைத் தளபதி கிரடாக்கும் ஆளுநர் பென்டிங்கும் பதவியிழந்து ஊர் திரும்பினார்கள். அவ்வளவே அவர்கள் பெற்ற தண்டனை. பென்டிங் பின்னாளில் தலைமை ஆளுநராகவே திரும்பி வந்தார்.

நாம் சொல்ல விரும்புவது இதுதான். 69ஆம் ரெஜிமென்ட் எத்தனை முறை பெயர் மாறினாலும் ஏதோ ஒரு வடிவில் தொடர்ந்தது. ஆகவே அதற்குக் கொடி இருந்தது, அருங்காட்சியகம் இருந்தது, வரலாறு எழுத ஆள் இருந்தார்கள். கிளர்ந்த சிப்பாய்ப் பட்டாளங்களோ அப்போதே கலைக்கப்பட்டன. கலைந்துபோன பட்டாளத்துக்கு நூல் எழுதுவோர் இல்லை. ஷேக் ஆதம், ஷேக் காசிம் போன்ற சிலரின் பெயர்கள்கூட நமக்கு எட்டியது, தண்டித்தவர்கள் எழுதிவைத்த விசாரணை ஏடுகள் வழியாகத்தான்.

அவினாசி, பல்லடம் பக்கம் போனால் புலிகுத்திக்கல் காணலாம். ஊர்க் கால்நடையைக் காக்கப் புலியோடு பொருது இறந்தவனுக்குக்கூடக் கல் எடுத்து நிறுத்திய நாடு இது. வேலூரில் நினைவுத்தூண் எழுப்பியிருக்கிறோம், 2006இல் அஞ்சல்தலையும் வந்தது, நல்லதுதான். ஆனால் தூண் மொத்தமாக நிற்கிறது. நடுகல்லின் அறம் வேறு: அது ஒருவனுக்கு ஒரு கல்.

எனவே படைவரலாறு எதிரியின் நூல் என்று ஒதுக்குவது நமக்குத்தான் இழப்பு. சிப்பாய்களின் தடம் அந்த நூல்களின் இடுக்குகளில்தான் கிடக்கிறது. வரும் பருவத்தில் கலிங்கத்துப்பரணி நடத்தும்போது பிளேகிஸ்டனின் அந்தச் சில பக்கங்களையும் மாணவர்கள் கையில் கொடுக்கப்போகிறோம். பாடத்திட்டத்தில் இல்லை என்று துறைக்கூட்டத்தில் கேள்வி வரும், வரட்டும்.