காலையில் பேசாதவர்கள் கர்வம் பிடித்தவர்களா?

சிலர் காலையில் எழுந்ததும் பேச மாட்டார்கள். ஏதாவது கேட்டால் "ம்" என்பார்கள். அதோடு சரி. காப்பியை எடுத்துக்கொண்டு திண்ணைக்கோ, மொட்டை மாடிக்கோ போய்விடுவார்கள்.

உடனே வீட்டில் பேச்சுக் கிளம்பும்.

பையன் என்றால், "ஏண்டா இப்படி உம்மென்று இருக்கிறாய்?" என்பார்கள். மருமகள் என்றால் கேட்கவே வேண்டாம். "மகாராணி வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ?" என்று மாமியார் ஆரம்பித்துவிடுவார்.

இது கர்வம் அல்ல. கோபமும் அல்ல. சுபாவம்!

சுவிட்சர்லாந்து நாட்டு மனநல டாக்டர் கார்ல் யுங், 1921-ம் ஆண்டில் ஒரு புத்தகம் வெளியிட்டார். சிலருடைய மனம் வெளியே ஓடுகிறது, சிலருடைய மனம் உள்ளே திரும்புகிறது என்று அதில் எழுதினார். உள்ளே திரும்புகிறவர்களை "அகமுகர்" என்கிறார்கள். இவர்களுக்கும் மனிதர்கள் வேண்டும். ஆனால் கூட்டமும் சத்தமும் இவர்களைச் சீக்கிரம் களைக்க வைத்துவிடும். சற்று நேரம் தனியே இருந்தால் தெம்பு வரும்.

எலுமிச்சைச் சோதனை

லண்டனில் ஐசென்க் என்ற மனநூல் அறிஞர் இருந்தார். அவரும் அவர் மனைவியும் 1967-ல் வேடிக்கையான ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாக்கில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்று அளந்தார்கள். அகமுகர்களுக்குத்தான் அதிகம் ஊறியது!

ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்கிறது. அதே புளிப்பு ஒருவருக்குக் கொஞ்சம், இன்னொருவருக்கு அதிகம். காலைச் சத்தமும் இப்படித்தான் போலும். குக்கர் விசில், டெலிவிஷன், செல்போன் பாட்டு எல்லாம் சேர்ந்தால் அண்ணனுக்கு உற்சாகம், தம்பிக்குத் தலைவலி!

டார்வின் வீட்டில்

உயிர்கள் எப்படி மாறி வளர்ந்தன என்பதை எழுதி, 1859-ல் உலகத்தையே திகைக்க வைத்தவர் டார்வின். அவர் இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வாழ்ந்தார். 1842 முதல் 1882 வரை, 40 ஆண்டுகள்! அவருக்குப் பிறந்த குழந்தைகள் 10. மூவர் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். மீதி 7 பேர். வீடு எப்படி இருந்திருக்கும், பாருங்கள்.

அவருடைய காலைப் பழக்கத்தை அவர் மகன் பிரான்சிஸ் எழுதி வைத்திருக்கிறார். எழுந்ததும் சிறிது தூரம் நடப்பார். 7-45 மணிக்குத் தனியே காலை உணவு. 8 மணிக்கு வேலை. 9-30 வரையிலான அந்த நேரம், வேலைக்குச் சிறந்த நேரங்களில் ஒன்று என்பது அவர் எண்ணம். அதன் பிறகுதான் கூடத்துக்கு வருவார், கடிதம் பார்ப்பார். யாராவது கதை படிக்க, சோபாவில் சாய்ந்து கேட்பார்.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டார்வின் தனியே சாப்பிட்டபோது 7 பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டது யார்? மனைவி எம்மாவும் வேலைக்காரர்களும்தானே! எம்மாவுக்கும் தனியாக அரை மணி நேரம் கிடைத்ததா என்று யாராவது கேட்டிருப்பார்களா?

நம் வீடுகளிலும் இதே கதைதான். அப்பா பத்திரிகை படித்தால் "சத்தம் போடாதே" என்று பிள்ளைகளை அடக்குகிறோம. அம்மாவுக்கு? வாசல் தெளித்துக் கோலம் போடும் பத்து நிமிடம்தான் அவளுக்கென்று இருக்கிறது. அப்போதும் உள்ளேயிருந்து, "என் சட்டை எங்கே?" என்று குரல் வரும். அகமுகமான பெண்ணாக இருந்தால் அவள் பாடு திண்டாட்டம்தான்.

என்ன செய்யலாம்?

4 மணிக்கு எழுந்தால்தான் முன்னேறலாம் என்று சிலர் உபதேசம் செய்கிறார்கள். 11 மணிக்குப் படுத்தவன் 4 மணிக்கு எழுந்தால் பகலெல்லாம் தூங்கி வழிவான். பெரியவர்களுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். ஆகவே அரை மணி முன்னால் எழ விரும்புகிறவர்கள் அரை மணி முன்னால் படுக்க வேண்டும். வேறு வழி இல்லை.

சட்டை, புத்தகப் பை, சாவி எல்லாவற்றையும் இரவே எடுத்து வைத்துவிடுங்கள். காலைக் கூச்சலில் பாதி குறையும். எழுந்த உடனே செல்போனைத் தொடாதீர்கள். அதைத் திறந்தால் ஊரே வீட்டுக்குள் வந்துவிடும்!

கண்ணை மூடி உட்கார வேண்டும் என்பதில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். நடக்கலாம். கீரை ஆயலாம். கை வேலை செய்தால் மனம் தானாக அடங்கும்.

"எங்களுக்கு இருப்பதே ஒரு அறை. தனிமைக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயம். அந்த வீட்டில் தனி இடம் கிடைக்காது. ஆனால் அரை மணி நேரம் பேச்சுக் கொடுக்காமல் இருக்கலாம் அல்லவா? காந்தியடிகள் திங்கட்கிழமைகளில் மவுனமாக இருந்தார். அவசியமானால் காகிதத்தில் எழுதிக் காட்டுவார். சுற்றி இருந்தவர்கள் அதற்குப் பழகிக்கொண்டார்கள். நாள் முழுவதும் அப்படி முடிந்ததென்றால், நம் வீட்டில் அரை மணி முடியாதா?

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே காப்பி போட்டு மனைவியிடம் கொடுங்கள். கொடுத்துவிட்டு, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்காதீர்கள்!